பெல்ட் ஏன் மறுபடியும் அறுந்தது?

திருவண்ணாமலையின் பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. கோயிலிலிருந்து கிளம்பி, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்தால், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலை என்ற ஊர் வரும். சுற்று முழுவதும் சேர்ந்து 14 கிலோமீட்டர். நடக்க முடியாத முதியவர்களைக் காரிலோ ஆட்டோவிலோ அழைத்துச் செல்வதும் உண்டு. பௌர்ணமி நாட்களில் கூட்டத்துக்காக வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள். மற்ற நாட்களில் வாடகை வண்டிகள் இந்தப் பாதையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ஆட்கள் இறங்கிக் கும்பிட்டு ஏறியதும் ஸ்டீயரிங்கை ஒடித்து மறுபடி பாதைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஓரங்கட்டலும் ஒடித்தலும் நம் கதையில் பிறகு முக்கியமாக வரப் போகின்றன. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடி அண்ணாமலையில் இப்படி ஒரு வாடகை வண்டி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கொஞ்சம் பழைய வண்டி. பவர் ஸ்டீயரிங் உள்ளது. நான்கு மாதத்தில் அந்தப் பவர் ஸ்டீயரிங்கின் பெல்ட் மூன்று முறை போய்விட்டது. முதல் பெல்ட் அறுந்தது. இரண்டாவது கப்பியிலிருந்து புரண்டு வெளியே விழுந்தது. மூன்றாவது கீச்சென்று கத்திக் கத்திக் கருகியது. ஓட்டுநர் பட்டறைக்கு வருகிறார்.

“பெல்ட்டை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே. மலை சுத்த ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“மாத்துறேன் தம்பி. பழைய பெல்ட் எங்கே?”

“அதை அப்பவே தூக்கிப் போட்டுட்டேனே!”

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொள்கிறார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெல்ட் ஒருமுறை அறுந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். மூன்று முறை அறுந்தால் குற்றவாளி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறான். அவனுடைய கைரேகை பழைய பெல்ட்டின் மேல்தான் பதிந்திருக்கும்.

பெல்ட் விலை சில நூறு ரூபாய்தானே, போனால் மாற்றிக்கொள்ளலாமே என்று நினைக்கக் கூடாது. இதே மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில், வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? ஸ்டீயரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டுகளின் இணைப்பு இருப்பதால் வண்டியைத் திருப்ப முடியாமல் போகாது. ஆனால் ஒரு விரலால் சுழன்ற ஸ்டீயரிங் ஒரே நொடியில் இரண்டு கையாலும் இழுக்க வேண்டிய பாரமாகிவிடும். அதை எதிர்பார்க்காத ஓட்டுநர் திணறிப்போவார். சில வண்டிகளில் இதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் மின்சாரம் தரும் ஆல்ட்டர்னேட்டரையும் சுற்றுகிறது. அவற்றில் பெல்ட் போனால் எஞ்சினும் கொதிக்கத் தொடங்கும்.

ஸ்டீயரிங்குக்கு ஏன் பெல்ட்?

நின்றுகொண்டிருக்கும் காரின் முன்சக்கரங்களைத் திருப்புவது எளிதல்ல. டயர் தரையில் தேய்ந்துகொண்டே திரும்ப வேண்டும். இந்தப் பாரத்தை எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு குறைக்கலாம் என்று அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் செய்து காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெறக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் காரில் பொருத்தியது. நம் தமிழ்நாட்டில் விராலிமலையில் ரானே குழுமத்தின் தொழிற்சாலை ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்குகளைச் செய்து வந்திருக்கிறது. இன்றைய புதிய கார்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார்தான் உதவி செய்கிறது. அவற்றில் ஸ்டீயரிங்குக்கென்று பெல்ட்டே கிடையாது. ஆனால் எண்ணெய் முறையில் இயங்கும் பழைய வண்டிகள் நம் சாலைகளில் இன்னும் ஏராளம்.

அமைப்பு எளியதுதான். எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் தண்டோடு சேர்ந்து ஒரு கப்பி சுழல்கிறது. பட்டறையில் அதைக் கிராங்க் புல்லி என்பார்கள். அதிலிருந்து ஒரு பெல்ட் எண்ணெய்ப் பம்பின் கப்பிக்குப் போகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ஒரு வால்வு அந்த எண்ணெயை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பிவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி நேராகப் போகும்போது பம்புக்கு வேலை அதிகமில்லை. எண்ணெயின் அழுத்தம் 5 பார் அளவில் இருக்கும் என்று கொள்வோம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துப் பிடித்தால் அது 80 பார் வரை ஏறலாம். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம்தான். அதைப் போல 40 மடங்கு! பம்ப் ஒரு சுற்றுக்கு 10 கன சென்டிமீட்டர் எண்ணெயைத் தள்ளுவதாகவும், எஞ்சின் மெதுவாக நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது பம்பும் அதே வேகத்தில் சுழல்வதாகவும் வைத்துக்கொண்டால், 80 பார் அழுத்தத்தில் அது கேட்கும் திறன் ஏறக்குறைய 1 கிலோவாட். ஒரு குதிரைத்திறனுக்கும் மேல். கிராங்க் கப்பியின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால், பெல்ட்டின் இரு பக்கங்களிலும் உள்ள இழுவிசைகளுக்கிடையே சுமார் 17 கிலோ எடைக்குச் சமமான வேறுபாடு இருந்தாக வேண்டும். நேராகப் போகும்போது இதே வேறுபாடு ஒரு கிலோ அளவுதான்.

பார்த்தீர்களா? நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓடுவது இந்தப் பெல்ட்டுக்குப் பெரிய காரியமே இல்லை. கிரிவலப் பாதையில் எட்டு இடத்தில் நிறுத்தி எட்டு இடத்தில் ஒடிப்பதுதான் சோதனை. அதுவும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முட்டும் வரை திருப்பிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டியை லேசாக உருட்டிக்கொண்டே திருப்பினால் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கயிறும் வேப்பமரமும்

ஆனாலும் நல்ல நிலையில் உள்ள பெல்ட் இந்தச் சோதனையைத் தாங்கத்தான் வேண்டும். தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எப்படித் தாங்குகிறது?

மிரண்டு ஓடும் மாட்டைப் பிடித்து நிறுத்துபவரைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றைக் கையில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். பக்கத்தில் உள்ள வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். மாட்டின் முழு பலமும் அவர் கைக்கு வந்து சேராது. கயிற்றுக்கும் மரத்துக்கும் உள்ள உராய்வு பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. இந்த உராய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை ஆய்லர் அதைக் கண்டுசொன்னார். சுற்று கூடக்கூட பிடிமானம் கூட்டல் முறையில் ஏறாது. பெருக்கல் முறையில் ஏறும். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றுக்கு ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப் போல 2.6 மடங்கு இருக்கலாம். ஒன்றரைச் சுற்றுக்கு அது 17 மடங்கு!

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஜன்னலின் உருண்டைக் கம்பி குறுக்காக இருந்தால் போதும். நல்ல நூல்கயிற்றின் ஒரு முனையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிக் கம்பியின் மேல் போட்டு, மறுமுனையில் ஒரு சிறிய பையைத் தொங்கவிட்டு அதில் கூழாங்கற்களைப் போடுங்கள். பாட்டில் கீழே இறங்காமல் நிற்க எத்தனை கல் வேண்டும்? பிறகு கயிற்றைக் கம்பியில் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி எண்ணுங்கள். கற்கள் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்தால் வியந்துபோவீர்கள்.

பெல்ட்டுக்கோ ஒரு சிக்கல். அது கப்பியில் ஏறக்குறைய அரைச் சுற்றுத்தான் படிகிறது. பழைய அரிசி ஆலைகளில் எண்ணெய் எஞ்சின்களோடு ஓடிய தட்டைப் பெல்ட்டுகளை அகலமாகவும் நீளமாகவும் செய்ததற்கு இதுவே காரணம். இதற்கு ஓர் அழகான தீர்வு 1917இல் வந்தது. அமெரிக்காவில் கேட்ஸ் சகோதரர்களில் ஒருவரான ஜான் கேட்ஸ், ரப்பரும் நூலும் கொண்டு ஆப்பு வடிவத்தில் ஒரு பெல்ட் செய்தார். அதுதான் வி-பெல்ட். கப்பியிலும் அதே வடிவத்தில் பள்ளம். பெல்ட்டை இழுக்க இழுக்க அது ஆப்பைப் போலப் பள்ளத்துக்குள் இறங்கி, இரு சுவர்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தின் கோணம் 38 பாகை என்றால் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகப் பலன் தருகிறது. அரைச் சுற்றிலேயே 2.6 மடங்கு என்பது 18 மடங்காகிவிடுகிறது. அதாவது, ஆப்பு வடிவம் என்ற ஒரே தந்திரத்தால், மரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றிய கயிற்றின் பலம் அரைச் சுற்றுக்கு வந்துவிட்டது!

இங்கே ஒரு நுணுக்கம். பெல்ட்டின் ஆப்புக் கோணம் 40 பாகை. கப்பிப் பள்ளத்தின் கோணமோ அதைவிடச் சற்றுக் குறைவு, 34 முதல் 38 பாகை. ஏன் இந்த வித்தியாசம்? ஓர் அழிரப்பரை வளைத்துப் பாருங்கள். வளைவின் உள்பக்கம் நசுங்கிப் பிதுங்குகிறது. வெளிப்பக்கம் இழுபட்டு ஒடுங்குகிறது. பெல்ட்டும் கப்பியில் வளையும்போது அப்படித்தான். உள்பக்கம் பிதுங்குவதால் அதன் கோணம் குறைந்து பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. சின்னக் கப்பிகளுக்கு வளைவு அதிகம். ஆகவே அவற்றின் பள்ளக் கோணமும் குறைவு.

உங்கள் ஊர் மாவு மில்லில் மோட்டார் ஓடாத நேரத்தில் பெல்ட்டின் முதுகைப் படித்துப் பாருங்கள். ஏ-42, பி-50 என்பதுபோல் எழுதியிருக்கும். எழுத்து குறுக்களவைச் சொல்கிறது: ஏ என்றால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், கனம் 8 மில்லிமீட்டர், பி என்றால் 17க்கு 11. எண் நீளம், அங்குலக் கணக்கில். மதுரையில் ஃபென்னர் ஆலையில் செய்த பெல்ட்டாகவும் அது இருக்கக்கூடும். கார் பெல்ட்டுகளின் குறிகள் வேறு. ஆனால் அவற்றிலும் அகலமும் நீளமும் எழுதியிருக்கும். நிறையக் கார்களில் இப்போது பல சிறு ஆப்புகளை வரிசையாக ஒட்டியது போன்ற வரிப் பெல்ட் வருகிறது. தத்துவம் ஒன்றேதான்.

பழைய பெல்ட்டைப் படிப்பது

இனிக் குப்பையில் போன பெல்ட்டைத் தேடி எடுப்போம். அதை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து, முழு நீளமும் பார்க்க வேண்டும்.

பக்கச் சுவர்கள் இரண்டும் கண்ணாடி போலப் பளபளத்து, இறுகிக் கிடந்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. நாம் கணக்கிட்ட ஒரு கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் வீணானாலும் 100 வாட் வெப்பம் அந்த மெல்லிய ரப்பரில் பிறக்கிறது. எரியும் 100 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். கீச்சென்ற சத்தம் இந்த வழுக்கலின் குரல்தான். முழு நீளமும் பளபளக்காமல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆழமாகக் கருகியிருந்தால் செய்தி வேறு: பம்போ வேறு ஒரு கப்பியோ இறுகிப்போய் நின்றுவிட, பெல்ட்டும் நிற்க, கிராங்க் கப்பி மட்டும் சுழன்று அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறது.

பெல்ட் ஊதி, மெத்தென்று, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் பட்டிருக்கிறது. அடிப்பக்கம் மினுமினுத்தால், பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது. கப்பியின் சுவர்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது கடையில் அளவு குறைந்த பெல்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அடியைத் தொட்ட ஆப்பு ஆப்பே அல்ல; 18 மடங்கு பிடிமானம் பழையபடி 2.6 மடங்காக இறங்கிவிடும். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

இன்னொரு வகை உண்டு. வெளியே பழுது எதுவும் தெரியாது. மாட்டிய சில நாளிலேயே பெல்ட் புரண்டுவிடும் அல்லது அறுந்துவிடும். பெல்ட்டின் இழுவிசையைத் தாங்குவது ரப்பர் அல்ல, அதற்குள் நீளவாக்கில் ஓடும் நூல்கள். பம்பைத் தளர்த்தாமல், திருப்புளியால் நெம்பிக் கப்பியின் மேல் பெல்ட்டை ஏற்றினால் ஒரு பக்கத்து நூல்கள் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். கடையிலிருந்து புதிதாக வந்த பெல்ட் வண்டியில் ஏறும்போதே பாதி செத்துவிட்டது. அவசரத்தில் மாட்டிய இரண்டாவது பெல்ட்டுக்கு இதுவே நேர்ந்திருக்கலாம்.

இறுக்கினால் சரியாகிவிடுமா?

பெல்ட் கத்தினால் உடனே இறுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம். தளர்ந்த பெல்ட்டுக்கு அது சரி. ஆனால் எண்ணெய் பட்ட பெல்ட்டை இறுக்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

உலர்ந்த பெல்ட்டில் 18 மடங்கு பிடிமானம் இருக்கும்போது, இறுக்கமான பக்கத்தில் 18 கிலோ, தளர்ந்த பக்கத்தில் 1 கிலோ என்று இருந்தாலே நமக்கு வேண்டிய 17 கிலோ வேறுபாடு கிடைத்துவிடும். இரண்டும் சேர்ந்து 19 கிலோ. எண்ணெய் பட்டு உராய்வுக் குணகம் 0.1 ஆகிவிட்டால் 18 மடங்கு 2.6 மடங்காகிவிடுகிறது. அப்போது அதே 17 கிலோவுக்கு ஒரு பக்கம் ஏறக்குறைய 27½ கிலோ, மறுபக்கம் 10½ கிலோ வேண்டும். கூட்டினால் 38 கிலோ. நடைமுறையில் பாதுகாப்புக்காக இதைவிடவும் கூடுதலாகவே இறுக்குவார்கள் என்றாலும் விகிதத்தைக் கவனியுங்கள்: பம்பின் பேரிங்கை வளைத்து இழுக்கும் விசை இரண்டு மடங்காகிவிட்டது. பேரிங் ஆடத் தொடங்கும். பேரிங் ஆடினால் அதன் பக்கத்தில் உள்ள ஆயில் சீல் கிழியும். சீல் கிழிந்தால் இன்னும் அதிக எண்ணெய் பெல்ட்டில் சொட்டும். மறுபடி வழுக்கல், மறுபடி இறுக்கல்! நோயை மருந்தே வளர்க்கிறது. பல வண்டிகளில் பெல்ட் மாறி மாறிப் போய், கடைசியில் பம்பும் போவது இந்த வட்டத்தில்தான்.

ஆகவே புதுப் பெல்ட்டைத் தொடும் முன் பம்பின் அடியிலும் ஹோஸ் இணைப்புகளிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கசிந்தால் முதலில் கசிவை அடைத்து, கப்பிகளின் பள்ளங்களைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். நனைந்த பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடுவதில் பயனில்லை. ரப்பர் எண்ணெயைக் குடித்துவிட்டது.

நேர்கோடும், நேர்கோட்டின் ஏமாற்றும்

இந்த இடத்தில் உங்களில் ஒருவர் ஒரு சந்தேகம் கேட்கலாம். “கிரிவலத்தில் மலை எப்போதும் வலப்பக்கம்தானே? வண்டி எப்போதும் வலப்பக்கமே வளைந்து வளைந்து போவதால்தான் பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்கிறதோ?” நல்ல கேள்விதான். ஆனால் பெல்ட்டுக்கு மலை எந்தப் பக்கம் என்று தெரியாது. வண்டி இடம் திரும்பினாலும் வலம் திரும்பினாலும் பம்ப் ஒரே திசையில்தான் சுழல்கிறது. திசையைப் பிரிப்பது வால்வின் வேலை. ஒரு பக்கத் தேய்மானத்துக்குக் காரணத்தைக் கப்பிகளுக்கிடையேதான் தேட வேண்டும்.

தேடும் முறை எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு, நேரான இரும்புப் பட்டையையோ விறைப்பாக இழுத்த நூலையோ இரண்டு கப்பிகளின் முகத்தின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். முகங்களின் கனம் வேறுபட்டால் பள்ளங்களைக் கொண்டு அளக்க வேண்டும். அரைப் பாகைக்குமேல் கோணல் இருக்கக் கூடாது என்பது வி-பெல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை. கப்பிகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் தூரம் என்றால் அது வெறும் 2½ மில்லிமீட்டர். பம்பின் போல்ட்டில் ஒரு வாஷரை விட்டுவிட்டால் போதும், எல்லையைத் தாண்டிவிடும்.

நூல் பிடித்துப் பார்த்தாயிற்று, கப்பிகள் நேராகத்தான் இருக்கின்றன. ஆனாலும் பெல்ட் ஒரு பக்கம் தேய்கிறது. இப்போது என்ன சொல்வீர்கள்?

வண்டி நிற்கும்போது நேராக இருப்பது ஓடும்போதும் நேராக இருக்கும் என்று யார் சொன்னது? எனக்குத் தெரிந்தவரை இத்தகைய பழுதுகளில் மிகவும் கள்ளத்தனமானவை இரண்டுதான்.

ஒன்று, பம்பைத் தாங்கும் பிராக்கெட். அதில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலோ, துளை நீண்டு தேய்ந்திருந்தாலோ, ஓய்வாக இருக்கும்போது பம்ப் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்ததும் பெல்ட்டின் இழுப்பில் பம்ப் முழுவதும் கொஞ்சம் சாய்ந்துவிடும். ஒடிப்பதை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே வந்துவிடும். எட்டு லிங்கத்திலும் எட்டு முறை இப்படித் தலையாட்டினால் நூல் பிடித்துப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் நின்றிருக்கும்போது பம்பைக் கையால் அழுத்தி ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை மெல்ல ஒடிக்கச் சொல்லி, தள்ளி நின்று பம்ப் அசைகிறதா என்று கவனிப்பார். முட்டும் வரை ஒடித்துச் சில வினாடிக்குமேல் பிடிக்கக் கூடாது. எண்ணெய் விரைவில் சூடேறிவிடும்.

மற்றொன்று கிராங்க் கப்பி. பல எஞ்சின்களில் இது ஒரே இரும்புத் துண்டு அல்ல. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டை. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் தண்டு முறுக்கிக்கொள்ளும் அதிர்வை இந்த ரப்பர் தணிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் காய்ந்து பிடிப்பை இழக்கும். அப்போது வெளி வளையம் மெல்ல வழுக்கிச் சுற்றலாம். முன்னாலோ பின்னாலோ ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகரவும் செய்யலாம். பார்வைக்குக் கப்பி முழுசாகத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கப்பியின் முகத்தைத் துடைத்து, குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். இரண்டு நாள் வண்டி ஓடட்டும். பிறகு எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். கோடு நேராகவே இருந்தால் ரப்பர் குற்றமற்றது. குடத்தில் ஒரு துண்டு, வளையத்தில் வேறு எங்கோ ஒரு துண்டு என்று கோடு முறிந்திருந்தால் நான்கு மாதமாகத் தேடியவனைப் பிடித்துவிட்டீர்கள்.

கையைத் தள்ளி வையுங்கள்

மேலே சொன்ன சோதனைகளில் எஞ்சின் ஓடும்போது செய்வன எல்லாம் மெக்கானிக் செய்ய வேண்டியவை. நீங்கள் தள்ளி நின்று பார்க்க மட்டும். காரணத்தைக் கணக்கே சொல்லும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது 15 சென்டிமீட்டர் கப்பியில் பெல்ட்டின் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். விரலையோ, துப்பட்டாவையோ, வேட்டி முனையையோ அது இழுத்துக்கொண்டால் “ஐயோ” என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. எஞ்சினை நிறுத்திய பிறகும் சில கார்களில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகே குனிய வேண்டும்.

நம் கற்பனை வண்டிக்கு வருவோம். மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் கப்பியைக் கையால் சுற்றினார். நறநறவென்று இல்லாமல் ஒரே சீராகச் சுழன்றது. ஈரம் எங்கும் இல்லை. பிராக்கெட் ஆடவில்லை. கிராங்க் கப்பியின் வெள்ளைக்கோடு இரண்டாம் நாள் மாலை முறிந்து கிடந்தது. கப்பி மாறியது. பிறகுதான் புதுப் பெல்ட் வந்தது. அதையும் பம்பைத் தளர்த்தி, கையாலேயே கப்பியில் ஏற்றினார்கள். இறுக்கத்துக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: இரு கப்பிகளுக்கிடையே பெல்ட் தாங்கலின்றி இருக்கும் தூரத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 1/64 அங்குலம் அமுங்க வேண்டும். 32 சென்டிமீட்டர் தூரத்துக்கு அது 5 மில்லிமீட்டர். எவ்வளவு விசையில் அழுத்துவது என்பதை வண்டியின் கையேடு சொல்லும்.

புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்து கொஞ்சம் தளரும். ஆகவே மறுநாள் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும், எஞ்சின் ஆறிய பிறகு, இறுக்கத்தை மறுபடி ஒருமுறை அளந்து பார்க்க வண்டி பட்டறைக்கு வந்தது. மூன்றாவது பெல்ட்டை அண்ணன் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.